கண்டியில் அடுப்பும் விளக்கும்

கண்டி நகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசரையும் போரையும் உடன்படிக்கைகளையும் தலதா மாளிகையையும் பற்றியே விரித்துரைப்பர். அந்நகரத்தார் எதனைக் கொண்டு சோறு சமைத்தனர், மாலை மயங்கியபின் எதனை எரித்து ஒளி பெற்றனர், விறகையும் எண்ணெயையும் எவ்வாறு அளந்து செலவிட்டனர் என்று கேட்டார் மிகச் சிலரே. அரண்மனைக் கதைகளின் முன் இது சிறு பொருளாகத் தோன்றலாம். ஆயினும் மக்களுட் பெரும்பாலார் நாள்தோறும் தவறாது செய்த செயல் அடுப்பு மூட்டுதலும் விளக்கேற்றுதலுமே யாகலின், அவற்றின் வரலாறு அம்மக்களின் வரலாறே யாகும். எரிபொருட் சிக்கனம் அண்மைக்காலத்து மின்வெட்டுகளோடு பிறந்த புதிய அறிவுரை என்று கருதுவாரும் உளர். மலைநாட்டின் பழைய அடுப்படியைச் சற்றே எட்டிப் பார்ப்பின் அக்கருத்து நில்லாது.

1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் அக்காலத்துக் குடிமக்களின் வாழ்க்கையை அறிதற்குத் தலையாய சான்றாகும். மக்களின் வீடுகள் சிறியனவும் தாழ்ந்தனவுமாய், கம்பு நட்டு மண் பூசி வேயப்பட்டிருந்தன என்றும், ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டவோ பொதுமக்களுக்கு உரிமை இருந்ததில்லை என்றும் அவர் எழுதுகின்றார். அவ்வீடுகளிற் புகைபோக்கி இல்லை. ஒரு மூலையிலே தீ மூட்டுவர். கூரையெல்லாம் புகையாற் கறுத்துக் கிடக்கும்.

நொக்ஸின் கண்ணுக்கு இஃது ஏழ்மையின் அடையாளமாகவே தோன்றியிருத்தல் வேண்டும். ஆனால் அப்புகையும் வீணாக்கப்படவில்லை. மலைநாட்டுச் சிங்களக் குடிகள் அடுப்புக்கு மேலே ஒரு பரண் கட்டுவர். அதனைத் 'தும் மெஸ்ஸ' என்பர். புகைப் பரண் என்று தமிழிற் கூறலாம். கொறுக்காய், மிளகு, உலர்த்திய மீன், விதைக்கு வைத்த தானியம் ஆகியன அதன்மேல் இருக்கும். இவற்றோடு நாளைய சமையலுக்குரிய விறகும் இருக்கும் என்பதுதான் ஈண்டு கருதத்தக்கது. ஈர விறகு எரியும்போது, அதன் வெப்பத்தில் ஒரு பெரும்பகுதி மரத்துள் இருக்கும் நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடும். பானைக்குச் சேருவது எஞ்சியதே. ஆண்டில் இருமுறை பருவமழை பெறும் கண்டியில் வெளியிற் கிடக்கும் விறகு உலர்தல் அரிது. இன்றைய அடுப்பின் வீண் வெப்பத்தைக் கொண்டே நாளைய விறகை உலர்த்திய அப்பரண், எவரும் பெயர் அறியாத ஒரு பெண்ணோ ஆணோ கண்ட பொறியியலாகும். அவ்வாறே இரவிற் சமையல் முடிந்தபின் தணலைச் சாம்பலால் மூடி விடியுமளவும் காத்தலும், அது அவிந்தவிடத்து அயல்வீட்டிற் கொள்ளி வாங்கி வருதலும் தீப்பெட்டி வருமுன்னர் யாண்டும் இருந்த வழக்கமே. இச்சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அப்புகையைக் கண்ணிலும் நெஞ்சிலும் ஏற்றவர் அடுப்படியில் நின்ற பெண்களும் அவர்தம் மடிக்குழந்தைகளும் ஆவர். பழமையைப் போற்றி எழுதுவோர் இதனை மறந்துவிடுதல் தகாது.

விறகு எல்லார்க்கும் எளிதிற் கிட்டும் பொருளாகவும் இருந்ததன்று. தலதா மாளிகைக்குப் பின்னே எழும் உடவத்தகெலே என்னும் காடு அரச குடும்பத்துக்கே உரியதாய், பொதுமக்கள் புகலாகாத காடாக இருந்தது. நகரின் நடுவே பெருங்காடு ஒன்று இருக்க, நகரத்தார் சுள்ளி பொறுக்கச் சேய்மைக்குச் சென்றனர் என்பது எண்ணத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அக்காடு அழியாது 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இற் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. அரசனின் தடை கொடியதோ நல்லதோ, அத்தடையினாலேயே இன்றும் கண்டி நகரின் நடுவே நிழல் உண்டு.

விளக்கைப் பொறுத்தவரை தேங்காயெண்ணெயே நெடுங்காலம் மலைநாட்டாரின் ஒளியாக இருந்தது. உண்ணுதற்கும் உடலிற் பூசுதற்கும் உரிய பொருளே எரித்தற்கும் உரியதாய் இருந்தமையின், எரிக்குந்தோறும் உணவு குறைந்தது. ஆகவே திரியின் பருமனும் எண்ணிக்கையும் கருத்தோடு கையாளப்பட்டன. குத்துவிளக்குக்கு ஐந்து முகம் உண்டெனினும், சைவர் இல்லங்களில் நாளாந்தம் ஒரு திரி ஏற்றி, விழா நாளிலேயே ஐந்தும் ஏற்றும் வழக்கம் இன்றும் பலவிடத்து உண்டு. இதற்கு நேர்மாறாக எசல பெரகராவில், இரும்புக் கூட்டிற் கொப்பறாவை இட்டு எரிக்கும் தீவட்டிகள் வீதியெங்கும் பகலாக்கும். ஆண்டிற் சில இரவுகளில் ஊர் முழுதும் ஒளியிற் குளிக்கும். மற்றை இரவுகளில் வீடு தோறும் ஒரு திரி எரியும். கொடையும் சிக்கனமும் ஒருவர் கையிலேயே இருந்தன.

1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் வந்த மாற்றங்களுள் மலைநாட்டு அடுப்பைப் பெரிதும் தாக்கியது காடழிப்பேயாகும். கோப்பிக்காகக் கண்டியைச் சூழ்ந்த மலைச்சாரல்கள் வெட்டி எரிக்கப்பட்டன. 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அவ்வாண்டிலேயே ஹேவாஹெற்றைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் தெயிலர் தேயிலையைப் பயிரிடத் தொடங்கினார். 1869 முதல் இலைநோய் கோப்பியை வீழ்த்தவே தேயிலை மலைகளை மூடிற்று. கொழுந்தை உலர்த்துதற்குத் தொழிற்சாலைகளும் விறகையே எரித்தமையின், காட்டுக்கு இருமுனைத் தாக்குதல் நேர்ந்தது எனலாம்.

இத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர்க்குக் கட்டப்பட்டவை 'லயங்கள்' எனப்படும் வரிசை அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே ஓர் அறையின் வழமையான அளவு. அதனுள்ளேயோ முன்புறத்து ஒடுங்கிய தாழ்வாரத்திலோ அடுப்பு அமைந்தது. முதுகோடு முதுகு சேரக் கட்டிய லயங்களிற் பின்புறச் சாளரம் அமைதற்கும் இடமில்லை. புகை முன்வாயிலாலேயே வெளியேற வேண்டியதாயிற்று. பழைய கண்டி வீட்டின் கூரை புகையை உறிஞ்சிப் பயன் பெற்றது. லயத்தின் தகரக் கூரையோ அவ்வாறு எதனையும் உறிஞ்சவில்லை.

இங்கே விறகுச் சிக்கனம் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். அப்போது விழும் தடித்த கொம்புகளுக்கு மலையகத் தமிழில் 'மிலாறு' என்று பெயர். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண், அந்தி வேளையில் மிலாற்றுக் கட்டைத் தலையிற் சுமந்து லயம் நோக்கி இறங்கும் காட்சியை மலையகத்தில் அறியாதார் இலர். தேயிலைக் கொம்பு வைரம் பாய்ந்தது; மெல்லென நின்றெரியும்; தணல் நெடுநேரம் தங்கும். காலைப் பிரட்டொலி கேட்குமுன்னே தேநீரும் ரொட்டியும் ஆக்கி, மலையேறி, மாலை திரும்பி, மீண்டும் அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு ஒவ்வொரு கொள்ளியும் அவள் தலையிற் சுமந்த பாரமாகவே இருந்தது. பானையை மூடிச் சமைத்தலும், பயற்றை முன்னிரவே ஊறவைத்தலும், சோறு அரைவாசி வெந்தபின் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலிலேயே வேகவிடுதலும், எஞ்சிய சூட்டிற் குளிக்க நீர் காய்ச்சுதலும் அவளுக்கு எந்நூலும் கற்பிக்காத பாடங்கள். எரிபொருளைச் சேமிக்குமாறு அவளுக்கு அறிவுரை கூறப் புகுவோர் முதலில் அவளிடம் கற்றல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் மலைநாட்டிற் பரவிற்று. தேங்காயெண்ணெயினும் மலிவும் ஒளியும் உடையதாகலின், உணவையே எரிக்கும் பழைய இடர் நீங்கிற்று. புதிய இடர் ஒன்று தோன்றிற்று. வெற்றுப் போத்தல் ஒன்றில் மண்ணெண்ணெய் இட்டு, மூடியிலே துளை செய்து, துணித்திரி செருகிய குப்பிவிளக்கே ஏழை வீடுகளுக்கு ஏற்றதாயிற்று. சிம்னி இல்லாத இவ்விளக்கு காற்றில் அலையும். உயரமும் ஒடுக்கமுமான போத்தலாயின் கை பட்ட மாத்திரத்தே சாயும். சாய்ந்தால் எண்ணெய் சிந்திப் பாயும் தலையணையும் பற்றும். அதன் முன்னிருந்து பாடம் படித்த சிறாரே பெரும்பாலும் தீக்காயமுற்றனர். அக்காயங்களுக்கு மருத்துவஞ் செய்து மனம் நொந்த அறுவை வைத்தியர் விஜய கொடகும்புற என்பார், 1992இற் குட்டையும் கனமுமான, இரு பக்கமும் தட்டையான, திருகுமூடி கொண்ட கண்ணாடி விளக்கொன்றை வகுத்தார். அது சாய்வது அரிது. சாயினும் உருளாது, எண்ணெயும் சிந்தாது. 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. இலங்கையர் செய்த கண்டுபிடிப்புகளுள் இத்துணைச் சிறிய செலவில் இத்துணை உயிர் காத்தது வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

மண்ணெண்ணெயைத் துளியாய் எண்ணிச் செலவிட்ட காலம் ஈழத்தமிழர்க்கு நினைவில் உள்ளது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்போது, மின்சாரம் அற்ற யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுள் அமைத்த சிறுவிளக்கின் ஒளியிலேயே ஒரு தலைமுறை மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். தேவை புகுத்திய சிக்கனம் அது. எவரும் விரும்பி மேற்கொண்டதன்று. விரும்பி மேற்கொள்ளும் சிக்கனமும், வேறு வழியின்மையால் நேரும் சிக்கனமும் ஒரே சொல்லாற் குறிக்கப்படினும் அவை ஒன்றல்ல. மின்சாரத்தின் வரலாற்றை நோக்கும்போது இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும்.

இலங்கை நீர்மின்வலுவின் தந்தை எனப் போற்றப்படுபவர் டி. ஜே. விமலசுரேந்திர. பொதுவேலைப் பகுதியிற் பொறியியலாளராய் இருந்த இவர், 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின்முன் படித்த கட்டுரையில், மலைநாட்டு அருவிகளைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய மின்வலுவைப் பெறலாம் என்று நிறுவினார். மேலிடத்தார் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1924இல் இலட்சபான வேலை தொடங்கிப் பணமின்மையால் மூன்றாண்டில் நின்றது. 1931இல் அவர் அரசாங்க சபைக்கு உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டுச் சபையிலும் இதற்காக வாதாடினார். ஈற்றில் 1950இல் இலட்சபான மின்நிலையம் இயங்கிற்று. 1953இல் அவர் காலமானபோது, தாம் எண்ணியதன் முதற் கூற்றையேனும் கண்ணாற் கண்டிருந்தார்.

அதன்பின் கண்டியின் வாயிலிலேயே மகாவலி கங்கை மின்வலுவாக மாறத் தொடங்கிற்று. 1976இல், நகருக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணைக்கட்டிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக உக்குவெலைக்கு நீர் திருப்பப்பட்டது. 1985இல் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையும், கொத்மலை அணையும் நிறைவெய்தின. விக்டோரியாவின் மூன்று பொறிகளும் ஒருங்கியங்கின் 210 மெகாவாற்று. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் பழைய தெல்தெனிய நகரும் நீருள் மூழ்கின. கடுங்கோடையில் நீர் வற்றும்போது மூழ்கிய ஊரின் சுவர்களும் படிகளும் மேலெழுந்து தோன்றும்; அவ்வூரார் வந்து பார்த்துச் செல்வர். வீட்டிற் சுவிச்சை அழுத்துவோர் ஒருமுறை அக்காட்சியைக் காண்பாராயின் வேறு விளக்கம் வேண்டாம்.

விளக்கம் வேண்டுவோர்க்கு ஒரு கணக்குக் கூறலாம். ஆயிரம் லீற்றர் நீர் நூறு மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், பொறியில் நேரும் சிறு இழப்புப் போக, ஏறத்தாழக் கால் அலகு மின்சாரம் கிடைக்கும். பழைய இழைக்குமிழ் ஒன்று, 60 வாற்று அளவினது, மாலை 6.30 தொடங்கி இரவு 10.30 வரை நான்கு மணித்தியாலம் எரிந்தால் செலவாவதும் அவ்வளவே. ஆகவே ஒரு குமிழ் ஒரு மாலையிற் குடிப்பது ஆயிரம் லீற்றர் நீர். அந்நீரில் ஒரு குடும்பம் பல நாள் வாழலாம். அக்குமிழில் நுழையும் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒளியாகாமல் வெப்பமாகவே வீணாகின்றது. அதே ஒளியை 8 அல்லது 9 வாற்றில் தரும் எல்.ஈ.டி. விளக்குக்கு 150 லீற்றர் போதும். நீர் ஆற்றை விட்டு ஒழிந்துவிடுவதில்லை, கீழே பாய்ந்து வயலுக்கும் செல்லும் என்பது மெய்யே. ஆனால் மழை பொய்த்த ஆண்டில், மேலே தேக்கத்தில் நிற்கும் நீரே நாட்டின் சேமிப்பு. ஒருமுறை இறங்கியது மீண்டும் ஏறாது.

மேலே கூறிய மாலை 6.30 முதல் 10.30 வரை என்னும் நேரம் எழுந்தமானமாக எடுத்ததன்று. வீடுகள் யாவும் ஒருங்கே விளக்கேற்றி, தொலைக்காட்சி கண்டு, நீர் சூடாக்கி, மறுநாட் பள்ளிச் சீருடைக்கு அழுத்தி போடும் நேரம் அதுவே. நாட்டின் மின்தேவை உச்சமடைவதும் அப்பொழுதே. அவ்வுச்சத்தை ஈடுசெய்யவே எண்ணெய் எரிக்கும் பொறிகள் இயக்கப்படுகின்றன. அவ்வெண்ணெய்க்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஆதலால் நண்பகலிற் சேமித்த ஓர் அலகும் மாலை ஏழு மணிக்குச் சேமித்த ஓர் அலகும் ஒரே பெறுமதி உடையன அல்ல. வெள்ளைச் சீருடையை நாள்தோறும் இரவில் அழுத்தும் வீட்டார், வாரத்துக்குரியதைச் சனிக்கிழமைப் பகலில் ஒருங்கே அழுத்துவாராயின் அலகும் குறையும், உச்சமும் தாழும். சிரட்டைக்கரி இட்ட அழுத்தியைப் பயன்படுத்திய முன்னோர் அவ்வாறே செய்தனர். கரியை மூட்டிய பின் ஒரு சட்டையோடு நிறுத்த அவர்க்கு மனம் வராது.

இவ்வுச்சத்தைத் தாழ்த்த அரசு ஒருமுறை கடிகாரத்தையே மாற்றிய கதையை ஈண்டுக் கூறாதிருத்தல் இயலாது. 1996இற் பெருவறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நேர்ந்தது. பகலொளியை மேலும் பயன்கொள்ளும் நோக்குடன் அவ்வாண்டு மே 25இல் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26இல் அரைமணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரைமணி ஏறத்தாழப் பத்து ஆண்டு நிலைத்து, 2006 ஏப்பிரல் 15இல் நீங்கிற்று. உலகப் போர்க்காலத்திலும், 1942 முதல் 1945 வரை, இத்தகைய மாற்றம் ஒன்று இருந்ததுண்டு.

கோடைகாலப் பகல் மிக நீளும் மேலைநாடுகளில் இம்முறைக்குப் பொருள் உண்டு. ஏழாம் பாகை அகலாங்கில் அமைந்த கண்டியிலோ, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. மாலையிற் சேமித்த ஒளியை விடியலிற் செலவிட நேர்ந்தது. மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளில் பிள்ளைகள் இருளிற் பாடசாலைக்குப் புறப்பட்டனர். 'பழைய நேரமா, புதிய நேரமா?' என்று கேட்டே திருமணத்துக்கு முகூர்த்தம் குறிக்க வேண்டியதாயிற்று. பௌத்த விகாரைகள் பல பழைய நேரத்தையே பற்றி நின்றன. வடக்கே விடுதலைப் புலிகளின் ஆட்சிப் பகுதியிலும் பழைய நேரமே வழங்கிற்று. ஒரே தீவில் இரு காலம் ஓடியது. மேலிருந்து இடும் ஆணையால் மனையின் வழக்கத்தை மாற்றுதல் எத்துணை அரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை. சூரியனைப் பார்த்து எழுபவன், கடிகாரத்தை அரசு திருப்பியதற்காகத் தன் துயிலைத் திருப்பமாட்டான்.

இதற்கு எதிரான வழியில், ஓசையின்றி வென்றது ஒரு மண்ணடுப்பு. 1970களின் இறுதியிற் சர்வோதய இயக்கம் மேம்பட்ட அடுப்புகளை ஆராயத் தொடங்கிற்று. 1980களில் அரசின் விறகுச் சேமிப்புத் திட்டமும் இதில் ஈடுபட்டது. அவ்வாராய்ச்சியின் விளைவாக உருப்பெற்றது 'அனகி' எனப்படும் இருவாய் அடுப்பு. கண்டியை நடுவமாகக் கொண்டு இயங்கிய ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கம் 1990களில் அதனை நாடெங்கும் பரப்பிற்று. அனகியின் அமைப்பு மிக எளியது. மூன்று கல் அடுப்பில் தீச்சுடர் நாற்புறமும் சிதறும். எரியும் வெப்பத்திற் பத்திலொரு பங்கோ சற்றே கூடியதோதான் பானையைச் சேரும். அனகியில் தீ சுற்றுச்சுவருள் அடங்கி முதற் பானையைச் சுடும். பின் வெப்பக்காற்று இரண்டாம் வாய்க்குச் சென்று அங்குள்ள கறியையும் வேகவைக்கும். சோற்றுக்கு மூட்டிய தீயில் கறி ஏறத்தாழ இலவசமாக வெந்தது.

அது பரவியதற்குக் காரணம் அதன் வெப்பக் கணக்கு மட்டுமன்று. குயவர் தமக்குப் பழகிய களிமண்ணிலே வனைந்து, சந்தையில் மற்றைச் சட்டிபானைகளோடு விற்றனர். ஏழையும் வாங்கத்தக்க விலை. பழைய பானையே போதும். சமையலின் முறையும் சுவையும் மாறவில்லை. வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்தவளும் அதன் முன்னிருந்து சமைத்தவளே. கடிகாரம் தோற்றதும் அடுப்பு வென்றதும் இவ்வொரு வேறுபாட்டினாலேயாம். 2012ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டின் வீடுகளுள் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை இன்னும் விறகிலேயே சமைத்தன என்பதை நினைவிற் கொண்டால், இவ்வடுப்பைச் சிறு பொருள் என எவரும் தள்ளார்.

விளக்குகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1990களின் நடுவில் இலங்கை மின்சார சபை, விலைகூடிய சீ.எஃப்.எல். குமிழ்களைப் பாவனையாளர்க்குக் கடனாக வழங்கி, அதன் தவணையை மாதக் கட்டணத்தோடு அறவிட்டது. மீதமாகும் மின்சாரத்தின் பணமே தவணையை அடைத்தது. அறிவுரையை விட இவ்வொழுங்கு பயனுடையதாயிற்று.

எனினும் இவ்வரலாற்றில் ஓர் உறுத்தல் உண்டு. இலட்சபானையும் மகாவலியும் ஊற்றெடுக்கும் மலைகளிலே, மின்கம்பிகள் தலைக்குமேற் செல்ல, 1990களிலும் பல லயங்களிற் குப்பிவிளக்கே எரிந்தது. நீர் அவர்கள் வாழ்ந்த மலையினது, ஒளி கீழ்நாட்டினது. 2016 அளவில் நாட்டின் வீடுகளில் நூற்றுக்கு 98க்கு மேல் மின்சாரம் பெற்றுவிட்டன என்பது மகிழ்தற்குரியது. ஆயினும் பிந்தி வந்தவர்க்கே முந்திய அடி விழுந்தது. 2022இற் செலாவணி வற்றி, எண்ணெய் வாங்க வழியின்றி, மார்ச்சு 31இல் நாடெங்கும் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு நேர்ந்தது. சமையல் எரிவாயுவுக்கு வீதிகளில் வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. அடுப்படி இல்லாத நகர வீட்டார் கல் வைத்துச் சமைத்தனர். அனகி அடுப்பு வைத்திருந்தவர் அல்லற்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், சராசரியாக நூற்றுக்கு 75 உயர்த்தப்பட்டது. மாதம் 30 அலகுக்குட் செலவிடும் மிக வறிய வீடுகளுக்கோ அலகொன்று 2 ரூபா 50 சதத்திலிருந்து 8 ரூபாவாயிற்று. அதே மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று.

நாளொன்றுக்கு ஓர் அலகு என்பதே மாதம் 30 அலகு. இரண்டு விளக்கும், ஒரு சிறு தொலைக்காட்சியும், கைத்தொலைபேசிக்கு ஏற்றும் மின்னும் அதனுள் அடங்கும். குளிர்சாதனப் பெட்டி அடங்குதல் அரிது. இவ்வளவினுள் வாழ்ந்தவரிடம் மேலும் சிக்கனம் கேட்பதற்கு என்ன மீதமிருந்தது? முந்நூறு அலகு செலவிடும் மனையில் நீர்சூடாக்கியை அரைமணி முன்னே நிறுத்துவதாற் சேமிக்கப்படுவது, லயத்தில் விளக்கையே அணைத்துவிடினும் கிட்டாது. சிக்கனத்தின் சுமையைப் பகிர்தற்கு முன் செலவின் அளவைப் பார்த்தல் முறையாகும்.

2016இல் அரசு தொடக்கிய சூரியசக்தித் திட்டத்தின்பின் கண்டியைச் சூழ்ந்த வீட்டுக்கூரைகளிலும் சூரியத் தகடுகள் பெருகின. இதனாற் பழைய கணக்கு தலைகீழாயிற்று. 2025 ஏப்பிரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்க, பகலில் மின்சாரம் மிகையாகி வலையமைப்பின் நிலைப்பாடு குலையும் என அஞ்சி, கூரைத் தகடுகளைப் பகற்பொழுதில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை அவற்றை உடையோரை வேண்டிக்கொண்டது. பகலில் மிகுந்தது, மாலையில் வேண்டியிருந்தது. இடையே சேமித்து வைக்கப் பரண் இல்லை. அந்நாள்களிலும் சூரியன் மறைந்தபின் 6.30 மணியளவில் கண்டி நகரின் விளக்குகள் வழமைபோல் ஏற்றப்பட்டன. பொல்கொல்லையிலிருந்து சுரங்கத்தின் வழியே நீர் உக்குவெலைக்கு இறங்கிற்று. தெல்தோட்டை மலைகளிற் பெண்கள் மிலாற்றுக் கட்டை இறக்கி வைத்து அடுப்பு மூட்டினர்.